நம்ம தெருவை யார் எழுதுவது?

(கள்ளக்குறிச்சியில் மாணவர்களும் இளம் எழுத்தாளர்களும் கூடிய ஒரு பயிலரங்கில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



'இளம் படைப்பாளிகளுக்கு வாய்ப்பும் ஊக்கமும்' என்று தலைப்பு கொடுத்திருக்கிறீர்கள். இப்படி ஒரு தலைப்பில் பேசக் கூப்பிட்டால் வழக்கமாக என்ன நடக்கும்? ஒருத்தர் வருவார். நிறையப் படியுங்க, தினமும் எழுதுங்க, விடாமுயற்சி வேணும் என்பார். கைதட்டுவோம். சால்வையை வாங்கிக்கிட்டு அவர் பஸ் ஏறிடுவார். எழுத நினைத்த பையன் எழுதாமலே இருப்பான். அதனால் நான் நேராக விஷயத்துக்கு வருகிறேன். வாய்ப்பு என்றால் எது, அதை இதுவரை நமக்கு யார் உண்டாக்கினார்கள், இனிமேல் யார் உண்டாக்க வேண்டும். இந்த மூன்றும்தான் இன்றைக்குப் பேச்சு.

எனக்கு வங்கியில் வேலை. பதவியின் பெயர் எழுத்தர். எழுத்தாளர் இல்லீங்க, எழுத்தர். காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் எழுதுவதுதான் வேலை. அடுத்தவங்க பேரு, அடுத்தவங்க கணக்கு, அடுத்தவங்க கடன். கவுண்ட்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிற அம்மா, "சாரு, இந்த சலானை கொஞ்சம் எழுதிக் குடு சாரு" என்பாங்க. எழுதிக் கொடுத்தால் கைநாட்டு வைப்பாங்க. நான் எழுதினதுதான் அந்தம்மாவுக்குக் கணக்கு. ஒரு சைபர் கூடினாலும் குறைந்தாலும் அவங்களுக்குத் தெரியப்போவது இல்லை. இத்தனை காலமும் நம்முடைய சமூகத்தின் கதி இதுதான். எவனோ எழுதுவான், நாம கைநாட்டு வைப்போம்.

இதைப் பழங்கதை என்று நினைக்காதீர்கள். 2024 ஜூன் மாதம், இதே கள்ளக்குறிச்சியில், கருணாபுரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபது பேருக்கும் மேலே செத்துப்போனார்கள். பெரும்பாலும் நம்ம சனம். கூலிக்காரர்கள், மூட்டை தூக்குகிறவர்கள், பெயிண்ட் அடிக்கிறவர்கள். பெண்களும் செத்தார்கள். அந்தச் சாவு எத்தனை பேரால் எழுதப்பட்டது என்று எண்ணிப் பாருங்கள். காவல்துறை எழுதியது. பத்திரிகைகள் எழுதின. சட்டமன்றத்தில் பேசியது அவைக்குறிப்பில் ஏறியது. ஒரு நபர் விசாரணை ஆணையம் போட்டார்கள். வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றி உயர்நீதிமன்றம் 2024 நவம்பரில் தீர்ப்பு எழுதியது. டீக்கடையில் உட்கார்ந்தவன் 'குடிச்சு செத்தவனுக்குப் பத்து லட்சமா' என்று தன் பங்குக்கு ஒரு தீர்ப்பு எழுதினான். எல்லாரும் எழுதிவிட்டார்கள். அந்தத் தெரு எழுதவில்லை. நாள் முழுக்க மூட்டை தூக்கின உடம்பு ராத்திரி என்ன கேட்கும், அந்தப் பாக்கெட் எவ்வளவு பக்கத்தில் கிடைத்தது, யார் கண்ணுக்கு முன்னால் விற்றது, அப்பனையும் ஆயாவையும் ஒரே வாரத்தில் இழந்த பிள்ளை இன்றைக்கு எந்த வீட்டில் சாப்பிடுகிறது – இதையெல்லாம் உள்ளேயிருந்து எழுத ஆள் வேண்டும். அந்தத் தெருவில் கல்லூரி படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் 'நீ எழுது, நாங்க போடுறோம்' என்று சொன்ன ஆள் யார்? ஊக்கம் என்ற சொல்லுக்கு இந்த ஊரில் நான் கொடுக்கிற அர்த்தம் இதுதான்.

மலைக்குப் போவோம். சாராயச் சாவுக்குப் பிறகு எல்லார் விரலும் கல்வராயன் மலையை நீட்டியது. உயர்நீதிமன்றம் தானாகவே முன்வந்து மலை மக்களின் நிலைமையை வழக்காக எடுத்தது. நல்லதுதான். ஆனால் அதற்கு முன்னால் மலையைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள்? 1909-ல் எட்கர் தர்ஸ்டன் என்ற வெள்ளைக்கார அதிகாரி ஏழு தொகுதிகளில் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி எழுதினார். ஆட்களை நிற்க வைத்து மூக்கை அளந்த ஆள் அவர். மலையாளி மக்கள் காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று அண்ணன் தம்பிகளின் வம்சம் என்ற கதை அதிலே இருக்கிறது. கதை மலைக்காரருடையது. அது நின்றது தர்ஸ்டன் பேரில். ஜாகீர்தார்களுக்குக் கீழே இந்த மலையில் சனங்கள் கூலி இல்லாமல் உழைத்துக் கிடந்தார்கள். நாட்டுக்கு 1947-ல் வந்தது, மலைக்கு 1976-ல்தான் வந்தது. அந்த வருசம்தான் ஜாகீரை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அந்த வெட்டி வேலையைச் செய்த கைகளில் சில இன்னும் உயிரோடு இருக்கின்றன. எழுபது வயது, எண்பது வயது. அவர்கள் பேரப் பிள்ளைகள் வெள்ளிமலை ஏகலைவா பள்ளியிலும், மலையிலுள்ள உண்டு உறைவிடப் பள்ளிகளிலும் படிக்கிறார்கள். தாத்தாவுக்குக் கதை இருக்கிறது, பேரனுக்கு எழுத்து இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு நோட்டுப் புத்தகம்தான் குறை.

சேரியையும் மலையையும் ஒரே கயிற்றில் கட்டுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். இரண்டும் வேறு வாழ்க்கை, வேறு தெய்வம், வேறு பேச்சு. மலைக்காரன் கதையைச் சேரிக்காரன் எழுதிவிடவும் கூடாது. அவரவர் எழுதணும். ஆனால் எழுத்து மறுக்கப்பட்டதில் இரண்டு பேரும் பங்காளிகள்.

இப்போது பரிசு விஷயம். திருக்கோவிலூர் பக்கம் தென்பெண்ணை ஆற்றுக்குள்ளே கபிலர் குன்று நிற்கிறது. பார்த்திருப்பீர்கள். அந்த ஊரை ஆண்ட மலையமான் திருமுடிக்காரி புலவர்களுக்குத் தேர் தேராகக் கொடுத்தவன் என்று தமிழ் வாத்தியார் சொல்லியிருப்பார். பரிசில் மரபு. கொடுக்கிறவன் மன்னன், பாடி வாங்குகிறவன் புலவன். தமிழ் இலக்கிய உலகம் இன்னும் அந்தத் தேரில்தான் உட்கார்ந்திருக்கிறது. புரவலர், நெறியாளர், அணிந்துரை, வாழ்த்துரை, பொன்னாடை. நம்முடைய எழுத்து மரபு இதற்கு வெளியே பிறந்தது. நமக்குத் தேர் கொடுக்க எந்தக் காரியும் வரவில்லை.

1893-ல் இரட்டைமலை சீனிவாசன் ஒரு பத்திரிகை தொடங்கினார். எந்தச் சொல்லைச் சொல்லி நம்மைத் தள்ளி வைத்தார்களோ அதையே தலைப்பாக வைத்தார்: 'பறையன்'. 1907-ல் அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். விலையே ஒரு பைசா. பேரிலேயே விலையைப் போட்டு, யார் வாங்க வேண்டும் என்று சொன்ன பத்திரிகை. சித்த வைத்தியம் பார்த்த மனிதர் அவர். கோலார் தங்கவயல் சுரங்கத் தொழிலாளர்களும், கடல் கடந்து போன கூலிகளும் அதை வாசித்தார்கள், கடிதம் எழுதினார்கள், சந்தா கட்டினார்கள். நம் சனத்துக்கு வாய்ப்பு என்பது அந்த ஒரு பைசாவில் தொடங்கியது.

வடக்கே பாருங்கள். 1920 ஜனவரி 31-ல் பாபாசாகேப் அம்பேத்கர் 'மூக்நாயக்' தொடங்கினார். ஊமைகளின் நாயகன் என்று பொருள். கோலாப்பூர் சாகு மகராஜ் 2,500 ரூபாய் கொடுத்து உதவினார். பத்திரிகை வருகிறது என்ற விளம்பரத்தைக் காசு வாங்கிக்கொண்டு போடக்கூட திலகருடைய 'கேசரி' மறுத்தது. அப்போது பாபாசாகேப் சைடன்ஹாம் கல்லூரியில் அரசாங்க வேலையில் இருந்தார். அதனால் ஆசிரியர் என்று அவர் பேர் போடவில்லை, பாண்டுரங் பட்கர் பேர்தான் வந்தது. வேலையில் இருப்பவன் எப்படி எழுதுவது என்று என்னிடம் கேட்கிற தம்பிகளுக்கு இதைத்தான் சொல்வேன். வேலைக்குத் தடை வரும் என்றால் பேரை மாற்று, எழுத்தை நிறுத்தாதே.

நம்ம பக்கத்துக் கதைக்கு வருகிறேன். 1990, 91-ல் அம்பேத்கர் நூற்றாண்டு வந்தது. தமிழ்நாட்டில் தலித் எழுத்து என்ற பேரில் ஒரு அலை எழுந்ததற்கு அந்த இரண்டு வருசம் பெரிய காரணம். அதில் இந்தத் தென்னாற்காட்டு மண்ணின் பங்கு கொஞ்சநஞ்சம் இல்லை. விழுப்புரத்தில் விழி.பா. இதயவேந்தன். நகராட்சியில் வேலை பார்த்தவர். அவருடைய முதல் சிறுகதைத் தொகுதி 'நந்தனார் தெரு' 1991-ல் வந்தது. பீ அள்ளுகிறவர்கள் வாழ்க்கையைப் பீ நாற்றத்தோடு எழுதினார். இலக்கியத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தவர்கள் எழுந்து ஓடினார்கள். 2022-ல் அவரை இழந்தோம். இமையம் 1994-ல் 'கோவேறு கழுதைகள்' எழுதினார். புதிரை வண்ணார் குடும்பத்தின் கதை. நம்ம தெருவுக்குள்ளேயே நமக்குக் கீழே ஒருத்தரை வைத்திருக்கிறோமே என்று அந்த நாவல் கேட்டது. அதை வைத்துப் பெரிய சண்டை நடந்தது. திட்டி எழுதினார்கள், ஆதரித்து எழுதினார்கள். அந்த நாவல் இன்றைக்கும் நிற்கிறது. அவர் 2020-க்கான சாகித்திய அகாதெமி விருதும் வாங்கிவிட்டார். ரவிக்குமார் வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே அ. மார்க்ஸ், பொ. வேல்சாமியோடு சேர்ந்து 'நிறப்பிரிகை' நடத்தினார். சிவகாமியிடமிருந்து 'கோடாங்கி' வந்தது. 1997-ல் 'தலித் முரசு' வந்தது. 1992-ல் பாமாவின் 'கருக்கு' வந்தது. அதை எந்தப் பெரிய பதிப்பகமும் போடவில்லை. மதுரையில் ஒரு சமூக ஆய்வு மையம் போட்டது. எழுதினதற்காகப் பாமா பல மாதம் சொந்த ஊருக்குள்ளே போக முடியாமல் இருந்தார்.

இந்தக் கதையில் மூன்று விஷயம் பாருங்கள். ஒன்று, மாதச் சம்பளம். நகராட்சி, பள்ளிக்கூடம், வங்கி. இடஒதுக்கீட்டில் கிடைத்த வேலைதான் அச்சுக்கூலியும் தபால் தலையும் ஆனது. இடஒதுக்கீடு இல்லையென்றால் தலித் இலக்கியம் இந்த அளவுக்கு வந்திருக்காது. அந்த வேலைகள் தனியாருக்குப் போகப்போக இதுவும் அடிபடும். இரண்டு, சிறுபத்திரிகை. ஐந்நூறு பிரதி, ஆயிரம் பிரதி, கடன், நிற்கும், மறுபடி வரும். மூன்று, சண்டை. ஒரு படைப்பை மெனக்கெட்டுப் படித்து, 'இது தப்பு' என்று நாலு பக்கம் எழுதுவதைவிடப் பெரிய மரியாதை எழுத்தாளனுக்கு இல்லை. இன்றைக்கு நாம் 'அருமை தோழர்' என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். அருமை என்ற சொல் இளம் எழுத்தாளனுக்கு மயக்க மருந்து.

மராத்தியில் நடந்த ஒன்றையும் மாணவர்கள் தெரிந்துகொள்ளணும். பாபாசாகேப் உண்டாக்கிய மக்கள் கல்விக் கழகம் 1950-ல் அவுரங்காபாத்தில் மிலிந்த் கல்லூரியைத் தொடங்கியது. கிராமத்துச் சேரியிலிருந்து வந்த பையன்கள் அந்தக் கல்லூரி ஆண்டு மலரில் தங்கள் சொந்தக் கதையை எழுதினார்கள். அந்த ஊரில் பேராசிரியராக இருந்த கங்காதர் பான்டாவணே அறுபதுகளின் கடைசியில் 'அஸ்மிதாதர்ஷ்' என்ற காலாண்டிதழைத் தொடங்கி, சாகும் வரைக்கும் விடாமல் நடத்தினார். பத்திரிகை போட்டதோடு நிற்கவில்லை. எழுதுகிறவர்களையும் வாசிக்கிறவர்களையும் கூட்டி மேளா நடத்தினார். மராத்தியில் தலித் எழுத்து ஒரு பெரும் சக்தியாக நின்றதற்கு அந்தக் கல்லூரி மலரும் அந்தக் காலாண்டிதழும் நாற்றங்கால். உங்கள் கல்லூரி மலரில் என்ன வருகிறது? முதல்வர் செய்தி, தாளாளர் படம், 'அம்மா' என்று ஒரு கவிதை, 'அப்துல் கலாம் கனவு' என்று ஒரு கட்டுரை. அந்த மலரைக் கைப்பற்றுங்கள். அதற்கு யாருடைய நிதியும் வேண்டாம்.

இன்றைக்கு வெளியில் கிடைக்கிற வாய்ப்புகளையும் சொல்லிவிடுகிறேன். வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். நம் வரிப்பணம், நம் உரிமை. ஆதிதிராவிடர், பழங்குடியின எழுத்தாளர்களின் நூல்களை வெளியிட அரசு நிதியுதவி தருகிற திட்டம் இருக்கிறது. மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். தமிழ் வளர்ச்சித் துறை வருசா வருசம் சிறந்த நூல்களுக்குப் பரிசு தருகிறது. சாகித்திய அகாதெமி 2011-லிருந்து யுவ புரஸ்கார் கொடுக்கிறது. 35 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு, 50,000 ரூபாய். 2012-ல் அதைத் தமிழில் வாங்கியவர் மலர்வதி. நாவலின் பேர் 'தூப்புக்காரி'. அவருடைய அம்மா பார்த்த வேலையும் அதுதான். பள்ளிக் கல்வித் துறை 2022-ல் 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' என்று பிள்ளைகளுக்கு இதழ்கள் தொடங்கியது. மாவட்டந்தோறும் புத்தகக் காட்சி நடக்க ஆரம்பித்திருக்கிறது. நம்ம தோழர்கள் தரப்பில் நீலம் பதிப்பகம் புதியவர்களின் புத்தகங்களைப் போடுகிறது, 'வேர்ச்சொல்' என்று தலித் இலக்கியக் கூடுகை நடத்தியது.

வாங்குங்கள். ஆனால் எதற்காக வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்குங்கள். 2021-ல் டெல்லிப் பல்கலைக்கழகம் ஆங்கிலப் பாடத்திலிருந்து பாமாவையும் சுகிர்தராணியையும் எடுத்துப் போட்டது. கொடுத்த கைதான் எடுத்தது. 2023-ல் அதே சுகிர்தராணி தனக்கு அறிவித்த தேவி விருதை, அதானி நிறுவனம் அதற்கு நிதி கொடுக்கிறது என்று தெரிந்ததும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பள்ளிக்கூட ஆசிரியை ஒருத்தர் விருதைத் திருப்பிவிட முடிகிறது என்றால், அவருடைய எழுத்து விருதை நம்பி நிற்கவில்லை என்று அர்த்தம். நாம் வளர்க்க வேண்டியது அப்படிப்பட்ட முதுகெலும்பை.

இரண்டு பள்ளங்களைக் காட்டிவிடுகிறேன். ஒன்று, காசு வாங்கிக்கொண்டு புத்தகம் போடுகிற வியாபாரம். எனக்குத் தெரிந்த ஒரு தம்பி செங்கல் சூளையில் சேர்த்த பணத்தைக் கட்டி கவிதைப் புத்தகம் போட்டான். முந்நூறு பிரதியை மூட்டையாகக் கட்டி அவன் வீட்டுத் திண்ணையில் இறக்கிவிட்டுப் போனார்கள். பிழைகூடத் திருத்தவில்லை. கரையான் முதல் வாசகன் ஆனது. உன் எழுத்தைப் படிக்காமலே புத்தகம் போடுகிறேன் என்று வருகிறவன் பதிப்பாளன் இல்லை. இரண்டு, மொழியைத் திருத்துகிறவர்கள். என்னுடைய ஒரு கவிதையில் 'ஆயா' என்று இருந்ததை 'அன்னை' என்று மாற்றிப் போட்டார் ஒரு பத்திரிகை ஆசிரியர். எங்க ஆயாவுக்கு அன்னை என்று யாரைச் சொல்கிறார்கள் என்றே தெரியாது. ஒற்றுப்பிழையைத் திருத்தட்டும், நன்றி சொல்லுவோம். நம்ம வாயைத் திருத்த விடக்கூடாது.

சரி, நாம என்ன செய்யப்போகிறோம்? நான் வங்கிக்காரன், கணக்கோடு சொல்கிறேன். பதினாறு பக்கத்தில் ஒரு சின்ன இதழ். ஏ-4 தாளை மடித்தால் நாலு தாள் போதும். நூறு பிரதிக்கு நானூறு தாள், இரண்டு பக்கமும் ஜெராக்ஸ், பக்கத்துக்கு ஒரு ரூபாய் என்றால் எண்ணூறு ரூபாய். இருபது பேர் ஆளுக்கு நாற்பது ரூபாய் போட்டால் முடிந்தது. அதுவும் முடியாவிட்டால் கையெழுத்துப் பத்திரிகை, ஒரே பிரதி, வீடு வீடாகப் போகட்டும். இரண்டாவது சனிக்கிழமை எங்களுக்கு விடுமுறை. மாதாமாதம் அன்றைக்குக் கூடுவோம். ஒரு மாதம் கள்ளக்குறிச்சி, ஒரு மாதம் சின்னசேலம், ஒரு மாதம் மேலே கரியாலூர். மூன்று பேர் வாசிக்கணும். மற்றவர்கள் எந்த வரி நின்றது, எந்த வரி பொய் என்று சொல்லணும். அருமை என்ற சொல்லுக்கு அங்கே தடை.

கூட்டத்தைப் பகலில் வையுங்கள். ராத்திரி டீக்கடையில் இலக்கியம் பேசினால் தங்கைகள் எப்படி வருவார்கள்? பெண்பிள்ளை ஒரு கதை எழுத உட்கார்ந்தால், 'பாத்திரம் கழுவிட்டு எழுது' என்று சொல்கிற வாய் நம்ம வீட்டு வாய்தான். அண்ணன்காரன் இரண்டு மணி நேரம் பாத்திரம் கழுவினால், அது எந்த விருதையும்விடப் பெரிய ஊக்கம்.

எதை எழுதுவது என்று கேட்கிறவர்களுக்கு: உங்கள் கைப்பேசியில் ஒலிப்பதிவு இருக்கிறது. பாட்டியை, தாத்தாவைப் பேசவிட்டுப் பதிவு பண்ணுங்கள். ஜாகீர் காலத்து வெட்டி வேலை, சாமை விதைத்தது, கடுக்காய் பொறுக்கியது, கரும்பு வெட்டப் போனது, செம்மரம் வெட்ட ஆந்திராவுக்குக் கூட்டிக்கொண்டு போன தரகன், சாவுக்கு அடிக்கிற அடி, அடிக்க மாட்டேன் என்று சொன்னதற்கு விழுந்த அடி. அவர்கள் பேசினதை அவர்கள் சொல்லிலேயே எழுதுங்கள். அனுமதி கேட்டு எழுதுங்கள். எழுதினதை அவர்களுக்கே வாசித்துக் காட்டுங்கள். 'நான் இப்படிச் சொல்லலடா' என்றால் திருத்துங்கள். தர்ஸ்டன் செய்யாத வேலை இது. நாமும் செய்யாவிட்டால் நாமும் தர்ஸ்டன்தான்.

கடைசியாக ஒன்று. எழுதினதைக் காப்பாற்றுங்கள். அயோத்திதாசர் 1914-ல் இறந்தார். அவர் 'தமிழன்' இதழில் எழுதியவற்றை ஞான. அலாய்சியஸ் தொகுத்து 'அயோத்திதாசர் சிந்தனைகள்' என்று வந்தது 1999-ல். எண்பத்தைந்து வருசம். இடையில் இரண்டு மூன்று தலைமுறை, தமக்கு ஒரு அறிவு மரபு இருந்தது என்றே தெரியாமல் வளர்ந்தது. பழைய இதழ்களைப் பரணிலும் பெட்டியிலும் வைத்திருந்த சாதாரணக் குடும்பங்கள் இல்லையென்றால் அதுவும் வந்திருக்காது. அதனால் போடுகிற ஒவ்வொரு இதழிலும் தேதி போடுங்கள், ஊர் போடுங்கள், பேர் போடுங்கள். இரண்டு பிரதியை மாவட்ட நூலகத்தில் கொடுங்கள். ஒன்றைக் கரையான் படாத இடத்தில் வையுங்கள்.

முதல் இதழுக்கு இன்றைக்கே ஆரம்பிப்போம். நாற்பது ரூபாயும் ஒரு பக்கம் எழுத்தும். எழுத வராது என்று சொல்கிறவர்கள் பேசுங்கள், பக்கத்தில் இருக்கிறவர் எழுதட்டும். ஆனால் எழுதினவர் கீழே கைநாட்டு வாங்கக்கூடாது. சொன்னவர் பேரைத்தான் போடணும்.